கல்லுக்கு மேல் கீழ் உண்டு

அடி அண்ணாமலையில் எந்தக் கல்லைப் புரட்டினாலும் ஒரு சிப்பியோ சங்கோ அகப்படாது. கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே, ஆதி அண்ணாமலையார் கோயிலை ஒட்டிய தெருவில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் வட்டாரப் பாறைகளுக்கு 250 கோடி ஆண்டு அளவு வயது. பூமிக்குள் வெகு ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து இறுகியவை. அந்தக் காலத்தில் ஓடு கட்டி வாழும் பிராணி உலகத்தில் எங்குமே தோன்றியிருக்கவில்லை. இருந்த நுண்ணுயிர்களின் சுவடும் அந்தச் சூட்டில் தங்கியிருக்க வழியில்லை. எங்கள் கல் அத்தனை பழையது, அத்தனை சுத்தம்.

என் சித்தப்பா அந்தக் கல்லிலேயே காலம் கழித்தவர். வாலிபத்தில் அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்தினார். மிக்சியும் கிரைண்டரும் வந்து அந்தப் பிழைப்பு படுத்ததும் கோயில் திருப்பணிகளுக்குப் போய்ப் படிக்கல், தூண், பீடம் என்று செய்தார். ஒரு கல்லைக் கையில் எடுத்தால் முதலில் சுத்தியலால் லேசாகத் தட்டிக் காது கொடுப்பார். வெண்கல மணி ஓசை வந்தால் ஆண் கல், ஓசை மென்மையாகத் தணிந்து ஒலித்தால் பெண் கல். ஓசையே எழாத கல்லை ஒதுக்கிவிடுவார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் ஒரு பாறை எந்த வாட்டத்தில் பிளக்கும் என்று அவர் சொல்லி நான் பொய்த்துப் பார்த்ததில்லை.

கொரோனாவுக்கு முந்தைய ஆண்டு, தை மாதக் கடைசி. என் மகன் அப்போது ஏழாம் வகுப்பு. "நம்ம ஊர்ல எப்பவாச்சும் கடல் இருந்துச்சாம்மா?" என்று கேட்டான். எங்கள் குடும்பத்துக்கு நெருக்கமான ஒருவர் கல்லூரியில் நிலவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். எங்கள் எல்லாருக்கும் அவர் 'சார்'. அவரிடம் கேட்டேன். "இங்க இருந்த தடயமில்ல. பெரம்பலூர், அரியலூர்ல இருந்திருக்கு. மழைக்காலம் முடிஞ்சு மண்ணு புதுசா அரிச்சிருக்கும், இதுதான் சரியான நேரம். சனி, ஞாயிறு போயிட்டு வந்துடலாம்" என்றார். மகன் வகுப்புத் தோழியையும் கூட்டிக்கொண்டான். சித்தப்பா கேட்காமலே வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை, வேப்பூர், தொழுதூர் என்று நூற்றைம்பது கிலோமீட்டர் அளவு. முதலில் சாத்தனூர் என்றதும் பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குச் சாத்தனூர் என்றால் அணைதான். முதலைப் பண்ணையைப் பார்த்து அலுத்துப்போனவர்கள். நாங்கள் போனது பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர். அங்கே 18 மீட்டருக்கு மேல் நீளமான ஒரு மரம் முழுசாகக் கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் அதை உலகுக்குச் சொன்னவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன். பின்னாளில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். 12 கோடி ஆண்டுப் பழைய மரம் என்று சொல்கிறார்கள். பூக்கும் மரங்கள் பெருகாத காலத்தைச் சேர்ந்தது. கரையிலிருந்து ஆற்றோடு வந்து, கடலில் மிதந்து, நீர் ஊறி அமிழ்ந்து, சேற்றில் புதைந்துபோன மரம். சேறு மூடியதால் காற்றுப் படவில்லை, மக்கவில்லை. மரத்தின் நுண்ணிய அறைகளில் சிலிக்கா கரைந்த நீர் ஊறி, இழை இழையாக மரம் இருந்த இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது.

கம்பி வேலிக்கு இப்பால் நின்று சித்தப்பா அதன் நீளத்துக்கு நடந்தார். திரும்பி மறுபடியும் நடந்தார். "ரேகை மரம். உடைஞ்சிருக்கிற வாய் கல்லு" என்று மட்டும் சொன்னார். தட்டிப் பார்க்கக் கை துறுதுறுத்திருக்கும். தட்டக் கூடாது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

அன்றிரவு பெரம்பலூரில் தங்கிவிட்டு, ஞாயிறு விடியும் முன்னே காரைக்குக் கிளம்பினோம். காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் நடுவில் அந்த இடம். சீமைக்கருவேல முள்ளும் மானாவாரிக் காடும் தாண்டி வண்டி நின்றது. இறங்கிச் சில எட்டு வைத்ததும் பூமி அப்படியே உடைந்து கீழே இறங்குகிறது. காவியும் மஞ்சளும் வெளிறிய சாம்பலுமாக மேடும் பள்ளமும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மழைநீர் அறுத்த ஓடைகள். ஒரு பிடி நிழல் இல்லை. புல் பிடிக்காத களிமண். அதன் வெடிப்புகளில் ஜிப்சம் பட்டை பட்டையாக நின்று, இளவெயில் பட்டதும் சரிவெல்லாம் மினுங்கியது.

"இப்ப நாம நிக்கிறது கடலடி" என்றார் சார். "கரையோரம்கூட இல்ல. நல்ல ஆழம், அலை எட்டாத இடம். அதனாலதான் இவ்வளவு நைசான சேறு."

கடல் இன்று காரைக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் இருக்கிறது. அது இங்கே எப்படி வந்தது என்பதை அவர் நடந்துகொண்டே சொன்னார். இந்தியாவின் கிழக்கு ஓரம் ஒரு காலத்தில் அண்டார்க்டிகாவோடு ஒட்டிக்கிடந்தது. பிரியும்போது விளிம்பு கிழிந்து நிலம் தாழ்ந்தது. அந்தத் தாழ்வுதான் காவிரிப் படுகை. அப்போது உலகமே இன்றைவிடச் சூடு. துருவங்களில் பெரிய பனிப்பாளம் இல்லாததால் கடல் மட்டமும் மிக உயரம். தாழ்ந்த நிலத்தில் உயர்ந்த கடல் ஏறி நின்றது. காரையின் களிமண் படிந்தது ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன். பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகள், கடல் ஏறுவதும் இறங்குவதுமாக, இங்கிருந்து அரியலூர் வரை அடுக்கு மேல் அடுக்காகப் படிந்தபடியே இருந்தது. அந்த அடுக்குகளுக்கு நிலவியலார் சூட்டிய பெயர்கள் ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு, நின்னியூர். நம் பேருந்துப் பலகையில் இருக்கும் ஊர்கள். உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் தொல்லுயிர் ஆய்வாளரும் இந்தப் பெயர்களை எழுதித்தான் ஆக வேண்டும் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

பிள்ளைகளுக்கு முதலில் கிடைத்தது பெலம்னைட். விரல் நீளம், ஒரு முனை கூர்ந்து, மறு முனை ஒடிந்த உருளை. மண்ணைத் துடைத்ததும் தேன் நிறம். ஒடிந்த வாயைச் சார் உருப்பெருக்கிக் கண்ணாடியில் காட்டினார். நடுவில் ஒரு புள்ளி. அதிலிருந்து விளிம்பு வரை மெல்லிய கோடுகள் நாலா பக்கமும் ஓடின. கோடுகளை வெட்டிக்கொண்டு வளையம் வளையமாக வளர்ச்சிக் கோடுகள். கணவாய்க்கு உறவான ஒரு பிராணியின் உடம்புக்குள் இருந்த கெட்டிப் பகுதி அது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கொடுக்கிறார்களே, அது கணவாயின் உள்ளோடு. பெலம்னைட் அந்த வழி உறவு. சதை போய்விட்டது, மை போய்விட்டது, கைகள் போய்விட்டன. இந்தக் கால்சைட் உருளை மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு சரிவில் குனிந்து பார்த்தால் இரண்டு மூன்று கிடந்தன. இதே களிமண்ணில் சுறாப் பற்களும், டால்பின் உருவத்தில் நீந்திய மீன்பல்லிகளின் பற்களும் ஆய்வாளர்களுக்குக் கிடைத்திருக்கின்றன. பற்களைத் தேடிப் பிள்ளைகள் வெகுநேரம் மண்டியிட்டுக் கிடந்தார்கள், கண்ணில் படவில்லை.

வெயில் ஏறும் நேரத்தில் ஆடு மேய்க்கும் ஒரு அம்மா மேட்டிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "கெடாக் கொம்பு மாதிரி சுருட்டிக்கிட்டு இருக்குமே, அதத்தான தேடுறீங்க? அந்த ஓடைத் திரும்பத்துல பாருங்க, மழைக்கு அப்புறம் ஒண்ணு வெளிய வந்திருக்கு" என்றார். ஆட்டின் பின்னால் தினமும் நடக்கிற கண்ணுக்கு எந்த மழையில் எது வெளியே வந்தது என்று தெரிகிறது. இந்தப் பகுதியைப் பற்றி யார் ஆராய்ச்சி செய்தாலும் இவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

சொன்ன இடத்திலேயே இருந்தது. ஓடைச் சரிவில், என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய அம்மோனைட். பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. சுருளின் வெளி விளிம்பில் விலா எலும்புகள் போல வரிசையாகத் தடித்த கோடுகள். ஒரு பக்கம் ஓடு உதிர்ந்து உள்ளே இறுகிய கல் தெரிந்தது. அதன் மேல் கோலம் போட்டதுபோல் வளைந்து வளைந்து, கிளைக்குள் கிளை பிரிந்து ஓடிய மெல்லிய வரிகள். அவை உள்ளறைகளின் சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடங்கள். இந்தப் பிராணி நத்தைக்கு உறவில்லை. இதுவும் கணவாய், ஆக்டோபஸ் கூட்டம்தான். வளர வளரப் பழைய அறையைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு முன்னால் நகரும். கடைசி அறையில்தான் உடம்பு. பின்னறைகளில் இருந்த வாயுவும் நீரும் அதை மிதக்க வைத்தன. அந்த வரிகள் இனத்துக்கு இனம் வேறு. இனங்களும் வேகமாகத் தோன்றி வேகமாக மறைந்தன. அதனால் ஒரு அம்மோனைட் இனம் கிடைத்தால் அந்த அடுக்கு எந்தக் காலத்தது என்று சொல்லிவிட முடிகிறது. நேபாளத்துக் கண்டகி நதியில் எடுத்து நம் வீடுகளில் பூஜைக்கு வைக்கிறார்களே சாளக்கிராமம், அவற்றில் பலவற்றுக்குள் இருக்கும் சக்கரமும் அம்மோனைட்டின் சுருள்தான்.

மகன் இரண்டு கையையும் நீட்டிவிட்டான். "தொடாத" என்றார் சார். குரலில் கடுமை இல்லை. ஆனால் அவன் கை நின்றது.

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவனிடம் கொடுத்தார். முதலில் செல்பேசியில் இடத்தின் குறியீட்டைப் பார்த்து எழுதச் சொன்னார். பிறகு சரிவின் படம் வரைய வேண்டும்: எத்தனை அடுக்கு, எந்த அடுக்கு என்ன நிறம், கல் எந்த அடுக்கில். அது படுத்திருக்கிறதா, நின்றிருக்கிறதா? எந்தப் பக்கம் வானத்தைப் பார்க்கிறது? சரிவிலேயே பதிந்திருக்கிறதா, மேலேயிருந்து உருண்டு வந்ததா? பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது? பக்கத்தில் அடிக்கோல் வைத்து ஒரு படம். பையனுக்குப் பொறுமை போய்விட்டது. "எடுத்துட்டு அப்புறம் எழுதக் கூடாதா சார்?"

அதற்குப் பதில் சொன்னவர் சித்தப்பா. ஓடையின் மேட்டில் குந்தியிருந்தார். "எடுத்துட்டா அப்புறம் எழுத முடியாதுடா கண்ணு. எங்க வேலையிலயும் அதான். பாறையிலேருந்து கல்லப் பேக்குறதுக்கு முன்னாடியே குறி போட்டுடணும். மேல் எது, கீழ் எது, தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம். பேத்து வண்டியில ஏத்திட்டோம்னா எல்லாப் பக்கமும் ஒண்ணாத்தான் தெரியும். பூமியில படுத்திருந்த பக்கம் சாமிக்கு முகமாகணும்னு எங்கப்பா சொல்வாரு. தல மாறி நிறுத்துன தூணு கோயில்ல நிக்கக் கூடாது. கல்லுக்கு மேல் கீழ் உண்டு. அது மண்ணுல இருக்கிற வரைக்கும்தான் அதுக்குத் தெரியும்."

சார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "முப்பது வருஷம் வகுப்புல இதத்தான் சொல்லிப் பாத்தேன். இவ்வளவு தெளிவா எனக்குச் சொல்ல வந்ததில்ல" என்றார். சித்தப்பாவுக்கு வெட்கமாகிவிட்டது. எழுந்து வேறு பக்கம் நடந்தார். வாழ்நாளெல்லாம் பாறையைப் பிளந்தவரும் வாழ்நாளெல்லாம் பாறையைப் படித்தவரும் ஒரே விதியில் நிற்கிறார்கள் என்பதை அந்த இடத்தில்தான் பார்த்தேன். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பொருள் அதுதான்.

அம்மோனைட்டை எடுக்கவில்லை. சித்தப்பாவின் பேச்சுக்குப் பிறகு பிள்ளைகளும் கேட்கவில்லை. சிறுமி படத்தில் அம்புக்குறி போட்டு 'மேல்' என்று எழுதினாள்.

எங்கே எடுத்தது என்று எழுதிவைத்த ஒரு குறிப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இந்த மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. 1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் தென்னிந்தியாவில் திரட்டிய கடல் பிராணிப் படிவங்கள் லண்டனுக்குப் போயின. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து எழுதினார். அடுத்து ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்த மாவட்டங்களைச் சுற்றி அடுக்குகளைப் பிரித்து 1862இல் அறிக்கை வெளியிட்டார். ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்ற பெரும் பகுப்பு அவர் போட்டது. இன்றும் அதன் மேல்தான் எல்லாரும் நிற்கிறார்கள். திரண்ட படிவங்களைக் கல்கத்தாவில் உட்கார்ந்து இனம் இனமாகப் பிரித்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டொலிச்கா. மொராவியாவில் பிறந்தவர். தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் காலப் பிராணிகளைப் பற்றி அவர் எழுதிய தொகுதிகள் படங்களோடு 1873 வரை வந்தன. 1874இல், யார்க்கண்டுக்குப் போய்த் திரும்பும் வழியில், லடாக் மலைகளில் இறந்தார், கல்லறை லேயில். வயது 36. அவர் பார்த்த கற்கள் இன்றும் கொல்கத்தாவில் இருக்கின்றன. எந்த ஊர், எந்த அடுக்கு என்ற குறிப்போடு இருப்பதால் இப்போது ஒரு மாணவர் போய் எடுத்துப் பார்த்தாலும் அவை பேசும்.

குறிப்பு இருந்தும் பொருள் போனால் என்ன ஆகும் என்பதும் இங்கேதான் நடந்தது. கல்லமேட்டில் கண்டெடுத்த பிரம்மாண்டமான எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980களின் கடைசியில் ஒரு டைனோசருக்குப் புருகத்காயசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். உலகில் நடந்த மிகப் பெரிய நிலவிலங்குகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம். எலும்புகள் நொறுங்கும் தன்மை கொண்டவை, பொடிந்து போய்விட்டன. இன்று மிஞ்சியவை படங்களும் அளவுகளும். அவற்றை வைத்துக்கொண்டு, அது உண்மையிலேயே எலும்பா, கல்மரமா என்றுகூட அறிஞர்கள் வாதிட்டார்கள். 2022இல் அய்யாசாமி, பால் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து பழைய புகைப்படங்களை முன்வைத்து மறுபடியும் எழுதினார். அந்த எலும்புகள் போன கதையைச் சார் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த வருத்தத்தை நான் ஒரு சாவு வீட்டில்தான் பார்த்திருக்கிறேன்.

மதியத்துக்கு மேல் அரியலூர் பக்கம். கல்லங்குறிச்சியைக் கலியுக வரதராசப் பெருமாளுக்காக எல்லாருக்கும் தெரியும்; கம்பமாக நிற்கும் பெருமாள். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். பாறை முழுக்கத் தடித்த சிப்பிகள் அடைந்து கிடக்கின்றன. கிரைஃபியா என்ற வகை, அடி ஓடு கனத்து வளைந்தது. சிப்பி மேல் சிப்பி, பல அடி உயரத்துக்கு. அத்தனை கோடி ஓடுகளின் சுண்ணாம்பைத்தான் அரைத்துச் சுட்டு சிமென்ட் ஆக்குகிறார்கள். அந்தச் சிமென்ட்டில்தான் நம் வீடும் பள்ளிக்கூடமும் பாலமும் நிற்கின்றன. அதை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வெடி வைக்கும் முன் ஒருவர் நோட்டோடு போய் நின்று பார்க்க வேண்டும் என்று சொல்வேன். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே கண்ணாடிக்குள் இருந்த அம்மோனைட்டுகளைப் பிள்ளைகள் பார்த்த பார்வை காலையில் பார்த்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். ஒவ்வொன்றின் கீழேயும் ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறதா என்று தேடினார்கள்.

நாங்கள் போய் வந்த பிறகு, 2020 அக்டோபரில், பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் ஏரியில் மண் எடுத்தபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிவந்தன. டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் பரவியது. ஜனம் திரண்டுவிட்டது. நிலவியலார் போய்ப் பார்த்துவிட்டு, முட்டை இல்லை, அம்மோனைட் போன்ற கடல் பிராணிகளைச் சுற்றி உருண்ட படிவங்கள் என்று விளக்கினார்கள். செத்த பிராணி சேற்றுக்குள் அழுகும்போது சுற்றியுள்ள நீரின் வேதித்தன்மை மாறுகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு அதைச் சுற்றிப் படிந்து, சேற்றைப் பிடித்து இறுக்கி, உருண்டையாக வளர்கிறது. சாத்தனூருக்கு வேலி இருக்கிறது, காவல் இருக்கிறது. காரையில் நாங்கள் போன அன்று எங்களைத் தடுக்கவோ வழிகாட்டவோ யாரும் இல்லை. நிலவியல் பாரம்பரிய இடங்களைக் காக்க 2022இல் ஒன்றிய அரசு ஒரு சட்ட வரைவை வெளியிட்டது. அது சட்டமாகி, காரையிலும் குன்னத்திலும் ஆடு மேய்ப்பவர்களையே காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் சம்பளத்துக்கு அமர்த்தினால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

குன்னம் செய்தி வந்த அன்று அந்தச் சிறுமி என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஊரடங்கில் அடைந்து கிடந்த காலம். "ஆன்ட்டி, அந்த உருண்டையெல்லாம் ஏரியில எந்த மட்டத்துல இருந்துச்சுன்னு யாராச்சும் எழுதியிருப்பாங்களா?" சித்தப்பா பக்கத்தில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "பொக்லைன் வச்சு அள்ளியிருப்பானுங்க, மேல் கீழ் எங்க பாத்திருப்பாங்க" என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

இப்போது அவருக்கு முட்டி வலி, உளி பிடிப்பதில்லை. ஆனால் கருடமங்கலத்துச் சிப்பிக்கல்லைப் பற்றிச் சார் சொன்னதிலிருந்து அதே நினைப்பு. சிப்பிகள் நிறைந்த அந்தச் சுண்ணாம்புக்கல் நன்றாக மெருகேறும். திருச்சினாப்பள்ளிச் சலவைக்கல் என்று ஒரு காலத்தில் அதற்குப் பெயர். "சிப்பி இருக்கிற கல்லு தட்டினா என்ன ஓசை கொடுக்கும்னு ஒரு தடவ கேக்கணும்மா" என்கிறார். உதிரியாகக் கிடக்கும் துண்டைத்தான் தட்டுவார், அதையும் சாரைக் கேட்டுவிட்டு. வரும் தையில் மழை விட்டதும் கிளம்புவதாக இருக்கிறோம். நோட்டை மகன் தேடி எடுத்து வைத்திருக்கிறான்.